பாவித்த வாகனம்: பத்திரம் பாராமல் பணம் கொடுக்கலாமா?

ஒரு பரப்புக் காணி வாங்குவதாயினும் நம்மவர்கள் எவ்வளவோ அவதானமாக நடந்துகொள்கின்றனர். உறுதியைக் கேட்டு வாங்கி நொத்தாரிசிடம் காட்டுகின்றனர். காணிப் பதிவகத்தில் தோம்பு பார்க்கின்றனர். முதுசமா, சீதனமா, கிரயமா என்று முன்னோர் வழியே உரிமை வந்த பாதையைத் தேடுகின்றனர். எல்லைக்காரரையும் விசாரிக்கின்றனர். ஆனால், அதே காணியின் பெறுமதிக்கு இணையான விலை கொடுத்துப் பாவித்த வான் ஒன்றை வாங்கும்போது இவர்களே எஞ்சின் சத்தத்தையும் ரயரின் தேய்வையும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகின்றனர். வாகனத்தின் உறுதியாகிய பதிவுச் சான்றிதழை மடித்துப் பைக்குள் வைப்பதற்கு முன்னர் ஒருமுறையேனும் முழுமையாக வாசிப்போர் மிகச் சிலரே.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து வருடங்களில் நாட்டில் ஏற்கனவே இருந்த வாகனங்களே திரும்பத் திரும்பக் கைமாறின. விலைகளும் பெரிதும் உயர்ந்தன. ஒரே வான் மூன்று நான்கு பேரின் கைகளுக்கு மாறியும், பதிவேட்டில் முதலாமவரின் பெயரே நிலைத்திருக்கும் நிலை பல இடங்களில் காணப்படுகின்றது. ஓய்வூதியப் பணிக்கொடையையோ, மனைவியின் நகையை அடகு வைத்த பணத்தையோ முதலிட்டு, பாடசாலைச் சேவைக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் ஓடுவதற்காக வான் வாங்கும் ஒருவர், அந்த வாகனம் சட்டப்படி தமக்கு உரியதா என்பதை முதலில் அறிந்துகொள்வது அவசியமாகும்.

பதிவுச் சான்றிதழ் சொல்வது என்ன?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வாகனங்கள் பதிவு செய்யப்படுகின்றன. பதிவேட்டைப் பேணுவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமாகும். அதன் ஆணையாளர் நாயகத்தால் வழங்கப்படும் பதிவுச் சான்றிதழில் பதிவிலக்கம், செஸி இலக்கம், எஞ்சின் இலக்கம், தயாரிக்கப்பட்ட ஆண்டு, முதற்பதிவுத் திகதி, வாகனத்தின் வகுப்பு, நிறம், ஆசனங்களின் எண்ணிக்கை, உரிமையாளரின் பெயரும் முகவரியும் முதலிய விவரங்கள் இடம்பெறும்.

வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, பதிவு செய்யப்பட்ட உரிமையாளரின் பெயர். மற்றையது, பூரண உரிமையாளர் என்னும் கூறு. வாகனம் லீசிங் மூலம் பெறப்பட்டிருந்தால், அதை ஓட்டிப் பயன்படுத்துபவர் பதிவு செய்யப்பட்ட உரிமையாளராகவும், பணம் முதலிட்ட நிறுவனம் பூரண உரிமையாளராகவும் குறிக்கப்பட்டிருக்கும். இந்த இரண்டாவது கூற்றில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும்வரை, முதலாவது கூற்றில் உள்ளவர் வாகனத்தைத் தம் விருப்பப்படி விற்க முடியாது. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் அடிப்படையும் இதுவே. குத்தகைக்கு எடுத்தவருக்கு இருப்பது பாவனை உரிமை. சொத்துரிமை குத்தகைக்குக் கொடுத்தவரிடமே இருக்கும்.

விசேட குறிப்புகள், நிபந்தனைகள் என்னும் பகுதியைப் பலர் வாசிப்பதேயில்லை. வரிச்சலுகை அனுமதிப்பத்திரத்தின் கீழ் இறக்குமதி செய்யப்பட்ட வாகனமாயின், குறிப்பிட்ட காலம் முடியும்வரை உரிமையை மாற்ற முடியாது என்னும் நிபந்தனை இங்கேதான் காணப்படும். அந்தக் காலம் முடியாத வாகனத்தை வாங்குபவர், பணம் கொடுத்தும் பெயரைப் பெற முடியாதவராகிவிடுகின்றார்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் அகற்ற வேண்டும். பிரதேச செயலகத்தில் பெறப்படும் வருமான அனுமதிப்பத்திரமோ, காப்புறுதிச் சான்றிதழோ, புகைப் பரிசோதனைச் சான்றிதழோ உரிமையை நிரூபிக்கும் ஆவணங்கள் அல்ல. இவை மூன்றும் செல்லுபடியாகும் நிலையில் இருப்பது வாகனத்தை வீதியில் ஓட்டலாம் என்பதையே காட்டும். அது யாருடையது என்பதைக் காட்டாது. 'எல்லாப் பத்திரமும் கிளியர்' என்று விற்பனையாளர் சொல்லும்போது அவர் கையில் வைத்திருப்பது பெரும்பாலும் இந்த மூன்றுமே.

'ஓப்பன் பேப்பர்' என்னும் வழக்கம்

நம் நாட்டில் பாவித்த வாகன வியாபாரத்தின் வேர்ப் பிரச்சினை 'ஓப்பன் பேப்பர்' எனப்படும் வழக்கமேயாகும். உரிமை மாற்றத்துக்கென எம்.ரி.ஏ. 6 என்னும் விண்ணப்பப் படிவம் உண்டு. அதில் விற்பவரும் வாங்குபவரும் கையொப்பமிட வேண்டும். விற்பவர் தமது கையொப்பத்தை மட்டும் இட்டு, வாங்குபவரின் பெயர், திகதி முதலியவற்றை வெறுமையாக விட்டுக் கொடுப்பதே ஓப்பன் பேப்பர். விற்பனை நிலையம் வாகனத்தைத் தன் பெயருக்கு மாற்றாமல், அந்த வெற்றுப் படிவத்துடனேயே அடுத்தவருக்கு விற்கின்றது. அடுத்தவரும் மாற்றாமல் வைத்திருந்து மற்றொருவருக்குக் கொடுக்கின்றார். மாற்றுக் கட்டணத்தை மிச்சப்படுத்துவதும், இடைத்தரகரின் பெயர் பதிவேட்டில் ஏறி 'கைகள்' கூடாமல் பார்த்துக்கொள்வதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள்.

இதனால் விளையும் ஆபத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். வவுனியாவில் ஒருவர் தமது வானை விற்பனை நிலையம் ஒன்றுக்கு ஓப்பன் பேப்பருடன் விற்கின்றார் என வைத்துக்கொள்வோம். நிலையம் அதனைக் கிளிநொச்சிக்காரர் ஒருவருக்கு விற்கின்றது. ஈராண்டின் பின்னர் அவர் உரிமையை மாற்ற முயலும்போது, படிவத்தில் கையொப்பமிட்ட முதல் உரிமையாளர் காலமாகிவிட்டார். இப்போது அந்தக் கையொப்பத்தை வைத்துக்கொண்டு பெயரை மாற்ற முயல்வது சட்டச் சிக்கலுக்கே வழிவகுக்கும். இறந்தவரின் சொத்து அவருடைய உரித்தாளர்களைச் சேர்ந்தது. அவர்களுடைய சம்மதமும், தேவையேற்பட்டால் நீதிமன்ற நடவடிக்கையும் இன்றி விடயம் நகராது. வாகனத்தின் இன்றைய விலையைக் கேள்விப்பட்ட உரித்தாளர்கள், 'தந்தையார் விற்றதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்டால், கிளிநொச்சிக்காரரிடம் காட்டுவதற்கு விற்பனை நிலையத்தின் துண்டுப் பற்றுச்சீட்டைத் தவிர வேறொன்றும் இராது.

விற்றவருக்கும் இது பாதுகாப்பானதன்று. பதிவேட்டில் அவருடைய பெயர் இருக்கும்வரை, அந்த வாகனம் விபத்தில் சிக்கினாலும், சட்டவிரோதமாக மணலோ மரமோ ஏற்றிப் பிடிபட்டாலும், பொலிஸார் முதலில் தேடிவருவது அவருடைய வீட்டையே. இதனைத் தவிர்ப்பதற்காகவே, வாகனம் கைமாறியதை 14 நாட்களுக்குள் எம்.ரி.ஏ. 8 படிவத்தின் மூலம் திணைக்களத்துக்கு அறிவிக்கும் கடமை முன்னைய உரிமையாளருக்கு இருக்கின்றது. அதனைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுச் சிட்டையைப் பாதுகாத்து வைப்பவர், பிற்காலத்தில் வரும் பல தொல்லைகளிலிருந்து தப்பிக்கொள்கின்றார்.

விற்பனை நிலையம் உரிமையாளரா?

விற்பனை நிலையத்தின் முற்றத்தில் நிற்பதாலேயே ஒரு வாகனம் அந்த நிலையத்துக்குச் சொந்தமாகிவிடாது. சில வாகனங்களை நிலையம் விலைகொடுத்து வாங்கியிருக்கும். சிலவற்றை உரிமையாளர்கள் தரகு அடிப்படையில் விற்பனைக்கு விட்டிருப்பர். இன்னும் சில, லீசிங் கட்ட முடியாதவர்கள் கொண்டுவந்து நிறுத்தியவையாக இருக்கும். எனவே 'இந்த விற்பனையில் விற்பவர் யார்?' என்னும் கேள்வியை முதலிலேயே கேட்டு, விடையை எழுத்தில் பெற வேண்டும்.

தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் மற்றொருவருக்குக் கொடுக்க முடியாது என்பது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலும் காணப்படும் பழைய கோட்பாடு. உரிமையாளர் அல்லாத ஒருவர், உரிமையாளரின் அதிகாரமோ சம்மதமோ இன்றி விற்றால், வாங்குபவர் எவ்வளவு நேர்மையாகப் பணம் கொடுத்திருந்தாலும், பொதுவாக அவருக்கு உரிமை கிடைப்பதில்லை. விதிவிலக்குகள் சில உண்டு. எனினும் அவற்றை நிரூபிக்க நீதிமன்றப் படி ஏற வேண்டும். விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை வாங்குபவருக்கு இருக்கின்றது. ஆனால் நிலையத்தை மூடிவிட்டுச் சென்றவரிடம் அந்த உரிமையால் பயன் என்ன?

பிரித்தானியாவில் உள்ள நம் உறவினர்கள் படுக்கை, சமையல் வசதிகளுடன் கூடிய மோட்டார் இல்ல வாகனங்களை விற்பனை நிலையங்களில் வாங்கும்போதும் இதே கேள்வி எழுகின்றது. அங்கு வழங்கப்படும் வீ5சீ என்னும் பதிவுச் சான்றிதழ் வாகனத்தைப் பதிவில் வைத்திருப்பவரைக் காட்டுவதேயன்றி, உரிமைக்கான ஆதாரமன்று என்பது அந்தச் சான்றிதழிலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஆயினும் நிலுவைக் கடனுள்ள வாகனத்தை அறியாமல் வாங்கிய தனிநபருக்கு, 1964ஆம் ஆண்டின் வாடகைக் கொள்வனவுச் சட்டம் அங்கு ஒரு பாதுகாப்பை வழங்குகின்றது. அத்தகைய பாதுகாப்பு இங்கும் கைகொடுக்கும் என்று எண்ணி எவரும் பணம் கொடுத்துவிடக் கூடாது.

இலக்கங்களை ஒப்பிடுதல்

பத்திரத்தைப் பார்த்த பின்னர் அந்தப் பத்திரம் இந்த வாகனத்துக்கு உரியதுதானா என்பதைப் பார்க்க வேண்டும். செஸி இலக்கமே வாகனத்தின் பிறப்படையாளம். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகத் தயாரிக்கப்பட்டு இங்கு வந்த வாகனங்களில், மாதிரிக் குறியீடும் அதன்பின் தொடரிலக்கமும் சேர்ந்த குறுகிய வடிவில் அது பொறிக்கப்பட்டிருக்கும். சான்றிதழில் உள்ள இலக்கத்தை ஒவ்வொரு எழுத்தாக வாகனத்தில் உள்ளதுடன் ஒப்பிட வேண்டும். அவ்விடத்தில் அராவிய தழும்பு, புதிதாக ஒட்டிய உலோகத் துண்டு, ஏனைய பகுதியிலிருந்து வேறுபடும் பூச்சு என்பன காணப்பட்டால், விலை எவ்வளவு மலிவாயினும் விலகிவிடுவதே புத்திசாலித்தனம். விபத்தில் முற்றாகச் சிதைந்த வாகனமொன்றின் பத்திரங்களையும் இலக்கத்தையும் வேறொரு வாகனத்துக்குப் பொருத்துவது மோசடிக்காரர்களின் பழைய தந்திரம்.

எஞ்சின் இலக்கம் சற்று வேறுபட்டது. பழுதடைந்த எஞ்சினை மாற்றுவது குற்றமன்று. ஆனால் மாற்றியதைத் திணைக்களத்தில் பதிய வேண்டும். வடக்கில் இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1990களில் எரிபொருள் தடை நிலவிய காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்கள் பலவற்றில், கிடைத்த எஞ்சினும் கிடைத்த உதிரிப்பாகமும் பொருத்தப்பட்டன. 2009ஆம் ஆண்டின் இறுதிப் போரில் வன்னி மக்கள் வாகனங்களையும் வீட்டிலிருந்த பத்திரங்களையும் கைவிட்டு ஓட நேர்ந்தது. ஆகவே நம் பகுதியில் இலக்கம் பொருந்தாமையும் மூலப் பத்திரம் இல்லாமையும் எப்போதும் மோசடியின் அடையாளம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் காரணம் நியாயமானதாக இருந்தாலும், பதிவைச் சீர்செய்ய வேண்டியவர் விற்பவரேயன்றி வாங்குபவர் அல்லர். சான்றிதழின் பிரதியைப் பெற்று, எஞ்சின் மாற்றத்தைப் பதிவு செய்த பின்னரே விலை பேச வேண்டும்.

வாகனத்தின் உருவ மாற்றத்துக்கும் இதுவே பொருந்தும். சுற்றுலாப் பயணிகளுக்காக வானின் ஆசனங்களைக் கழற்றிப் படுக்கையும் சமையல் வசதியும் பொருத்துவோர் உள்ளனர். பதிவுச் சான்றிதழில் ஒரு வகுப்பும் ஆசன எண்ணிக்கையும் இருக்க, உள்ளே வேறொன்று இருப்பின், உரிமை மாற்றத்தின்போதும் காப்புறுதி இழப்பீடு கோரும்போதும் கேள்விகள் எழும். மாற்றத்துக்குத் திணைக்களத்தின் அங்கீகாரம் பெறப்பட்டுள்ளதா எனக் கேட்டறிய வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்னர்

விற்பவர் காட்டும் சான்றிதழை மாத்திரம் நம்பாது, அந்தப் பதிவிலக்கத்துக்குரிய விவரங்களைக் கட்டணம் செலுத்தி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலிருந்தே பெறலாம். போலிச் சான்றிதழை அச்சிடுவது இன்று கடினமான காரியமன்று. பதிவேட்டை மாற்றுவது அத்தனை எளிதன்று. இரண்டிலும் உள்ள பெயர், இலக்கங்கள், பூரண உரிமையாளர் பற்றிய குறிப்பு ஆகியன ஒத்திருக்க வேண்டும்.

அடுத்து, பதிவு செய்யப்பட்ட உரிமையாளரை நேரில் சந்திக்க வேண்டும். அவருடைய தேசிய அடையாள அட்டையைப் பார்த்து, சான்றிதழில் உள்ள பெயருடன் ஒப்பிட்டு, தாம் விற்றது உண்மையா, முழுப் பணமும் கிடைத்துவிட்டதா என்று கேட்க வேண்டும். 'ஆளைக் காண முடியாது, வெளிநாடு போய்விட்டார்' என்று விற்பனை நிலையம் சொன்னால், அவருடைய அற்றோணித் தத்துவம் யாரிடம் உள்ளது என வினவ வேண்டும். அது பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதியப்பட்டதா, வாகனத்தை விற்கும் அதிகாரம் அதில் தரப்பட்டுள்ளதா, கொடுத்தவர் உயிருடன் உள்ளாரா என்பவற்றை ஒரு சட்டத்தரணி மூலம் அறிவது நன்று. கொடுத்தவர் இறந்தால் அற்றோணித் தத்துவமும் முடிவுறும்.

லீசிங் நிலுவை இருப்பின், தீர்க்க வேண்டிய தொகை எவ்வளவு என்பதை நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் பெற வேண்டும். அத்தொகையை விற்பவரின் கையிலோ, விற்பனை நிலையத்திடமோ கொடுக்காமல், நிறுவனத்தின் பெயருக்கே நேரடியாகச் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெற வேண்டும். 'நீங்கள் தாருங்கள், நாங்கள் கட்டிவிடுகிறோம்' என்னும் வார்த்தையை நம்பிப் பணத்தையும், சில மாதங்களில் வாகனத்தையும் இழந்தோர் பலர். கடன் தீர்ந்த பின்னர் பூரண உரிமையை நீக்குவதற்கான கடிதத்தை நிறுவனம் வழங்கும். அக்கடிதம் கிடைத்தும் பதிவேட்டில் நீக்கம் செய்யப்படாவிட்டால் வேலை முடிந்ததாகாது.

இவை ஒழுங்காக இருப்பின், வாங்குபவரின் பெயர், விலாசம், திகதி, விலை அனைத்தும் நிரப்பப்பட்ட படிவத்திலேயே விற்பவரின் கையொப்பத்தைப் பெற வேண்டும். வெற்றுப் படிவம் வேண்டாம். விற்பனை நிலையம் தரும் பற்றுச்சீட்டில் அதன் வியாபாரப் பெயர், பதிவிலக்கம், வாகனத்தின் பதிவிலக்கமும் செஸி இலக்கமும், செலுத்திய தொகை ஆகியன இருக்க வேண்டும். முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் ஒரு பகுதியை உரிமை மாற்றம் நிறைவேறும்வரை நிறுத்திவைக்கும் உடன்படிக்கை செய்துகொண்டால் இன்னும் நல்லது. வங்கிக் காசோலை மூலமோ வங்கிக் கணக்கு மூலமோ செலுத்தப்படும் பணத்துக்குச் சாட்சி தேவையில்லை. கையில் எண்ணிக் கொடுத்த பணத்துக்கு மறுநாளே சாட்சி தேட நேரிடும்.

வாகனம் வீட்டுக்கு வந்தவுடன் உரிமை மாற்ற விண்ணப்பத்தைத் தாமதமின்றிச் சமர்ப்பிக்க வேண்டும். காப்புறுதியையும் தம் பெயரில் பெற வேண்டும். முன்னையவரின் பெயரில் உள்ள காப்புறுதியுடன் ஓடி விபத்துக்குள்ளானால், இழப்பீடு யாருக்கு என்னும் வாதம் அங்கேயே தொடங்கிவிடும்.

ஏமாற்றப்பட்டதாக உணர்பவர்கள் காலந்தாழ்த்தக் கூடாது. போலிக் கையொப்பம், போலிப் பத்திரம், அழிக்கப்பட்ட செஸி இலக்கம் என்பன குற்றவியல் விடயங்களாதலால் பொலிஸில் முறைப்பாடு செய்ய வேண்டும். விற்பனை நிலையத்தின் நடத்தை தொடர்பாக, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடமும் முறையிடலாம். இரண்டு இடங்களிலும் முதலில் கேட்கப்படுவது எழுத்திலான ஆதாரமே.

வழக்கம் மாற வேண்டும்

'எல்லோரும் இப்படித்தானே வாங்குகிறார்கள்' என்பதே ஓப்பன் பேப்பருக்குச் சொல்லப்படும் நியாயம். பத்து வாகனங்களில் ஒன்பது எந்தச் சிக்கலுமின்றி ஓடலாம். பத்தாவது வாகனத்தை வாங்கியவருக்கு அந்த ஒன்பதாலும் ஆறுதல் இல்லை. காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்ல வேண்டிய வானை லீசிங் நிறுவனம் இழுத்துச் சென்ற பின்னர், அடகில் உள்ள நகைக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

இந்நிலைக்கு வாங்குபவரின் கவனக்குறைவு மட்டும் காரணமன்று. கொழும்பு நாரஹேன்பிட்டித் தலைமை அலுவலகத்தை நாடி வடக்கு, கிழக்கிலிருந்து வருவோர் ஒரு நாள் உழைப்பையும் பயணச் செலவையும் இழக்கின்றனர். தமது மொழியில் விளக்கம் கேட்டறிய முடியாமையும் பலரைத் தரகரிடமே தள்ளிவிடுகின்றது. உரிமை மாற்றம் எவ்வளவுக்கு எளிதாகவும் அண்மையிலும் தமிழிலும் கிடைக்கின்றதோ, அவ்வளவுக்கு வெற்றுப் படிவத்தின் தேவை குறையும். விற்பனை நிலையங்கள் தம்மிடமுள்ள ஒவ்வொரு வாகனத்தின் சட்டபூர்வ உரிமையாளர் யார், நிலுவைக் கடன் எவ்வளவு என்பதை வாங்குபவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்னும் கண்டிப்பான விதியும், அதனை நடைமுறைப்படுத்தும் கண்காணிப்பும் அவசியம்.

அதுவரை பாதுகாப்பு வாங்குபவரின் கையிலேயே உள்ளது. பத்திரங்களைச் சரிபார்க்க ஒருசில நாட்களும் சிறிதளவு செலவுமே பிடிக்கும். அந்த நாட்களைத் தர மறுத்து, 'இன்றே காசு தந்தால் இந்த விலை, நாளை வேறொருவர் காத்திருக்கின்றார்' என அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம் அந்த வாகனத்தை விட்டுவிட்டு வருவதே நன்று.